தாயின் பெயரில் முதல் இரண்டு எழுத்து

பிஷ்கெக்கில் இன்று மைனஸ் இருபத்தொன்று.
நலோக்சோன் குப்பிகளைப் பையில் வைத்தால் உறைந்துபோகும்.
மூன்றையும் உள்ளாடைக்குள் செருகி
மேலே இரண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.
அடைகாக்கிறாயா என்று ரவீல் கேலி செய்வான்.
பொரிந்தால் சொல்கிறேன் என்பேன்.

கிடங்குக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் போகும் தடத்தில் மட்டும்
பனி உருகி மண் தெரியும்.
அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள்.
போன வருடம் ஆளுக்கு மாதம் முப்பது ஊசி.
இந்த வருடம் பன்னிரண்டு.
வகுத்தவருக்கு நாளொன்றின் நீளம் தெரியாது.
இல்லை,
தெரிந்துதான் வகுத்திருப்பார்.

பெயர் எழுதக் கூடாது, குறியீடு மட்டும்:
தாயின் பெயரில் முதல் இரண்டு எழுத்து,
தகப்பன் பெயரில் இரண்டு,
ஆணா பெண்ணா, பிறந்த வருடம்.
ஏழு வருடமாக எனக்கு இப்படித்தான் மனிதர்களைத் தெரியும்.
ரவீல் என்றால் சகி.
தெமிர்பெக் என்றால் குல்.
செத்துப்போனவர்களின் தாய்மார்
இன்னும் நோட்டுக்குள் இருக்கிறார்கள்
அரைப்பெயராக.

ஸமீரா நோட்டில் இல்லை.
பதிவு செய்தால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறாள்.
இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.
அவள் வீட்டுத் தபால்பெட்டியில்
மின்கட்டண ரசீதுக்கு அடியில் வைத்துவிட்டு வருகிறேன்.
என் கணக்கில் அந்த ஊசிகள்
'சேதம்'.

மெத்தடோன் காலை எட்டிலிருந்து பத்துவரை.
தெமிர்பெக்கின் சிமெண்டு வேலை எட்டுக்குத் தொடங்கும்.
மருந்தா கூலியா என்று மூன்று வாரம் ஓடிப் பார்த்தான்.
இப்போது இரண்டும் இல்லை.
மருந்தக வாசலில் எஞ்சின் அணைக்காத ஜீப்,
உள்ளே சூரியகாந்தி விதை கொறிக்கும் இருவர்.
வெளியே வருகிறவனைச் சட்டைக்கையைச் சுருட்டச் சொன்னால் போதும்.
அவர்களுக்கும் மாதக் கடைசியில்
நிரப்ப ஒரு நோட்டு.

ராத்திரி பதினொன்றரைக்கு ரவீல் போன் செய்தான்.
ஐந்துமாடிக் கட்டடம், நான்காவது வாசல், மாடிப்படி வளைவு.
ஆள் புதியவன். உதடு நாவல்பழ நிறம்.
ஆம்புலன்சுக்குச் சொன்னாயா என்றேன்.
ஜீப்பும் கூடவே வருமே என்றான்.
சொல் என்றேன்.
சொல்லிவிட்டு
அவன் ஓடிப்போனான்.
அவன்மேல் எனக்குக் கோபமில்லை.

இரண்டாம் மாடிக் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது.
"விட்டுத்தொலையேன், தினமும் இதே கூத்து."
கதவு மூடியது.
சங்கிலி மாட்டும் சத்தம்.

முதல் குப்பி என் உடம்புச் சூட்டோடு அவன் தொடைக்குள் போனது.
தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து
வாய்க்குள் ஊதினேன். ஊதினேன்.
மண்ணெண்ணெய் வாசம், வெங்காய வாசம்.
இரண்டாவது குப்பி.
எத்தனை நிமிடம் என்று படிவம் கேட்கும்.
கடிகாரம் யார் பார்த்தது.

பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வாளி ஏறுவதுபோல
ஒரு மூச்சு ஏறியது.
கண் திறந்தவன் முதலில் என் தாயைத் திட்டினான்.
எல்லாம் கெடுத்துவிட்டேனாம்.
காசு வீணாம்.
குளிரில் நடுங்கி என் காலணிமேலேயே வாந்தி எடுத்தான்.

நோட்டைத் திறந்தேன்.
உன் தாயின் பெயர்?
அவள் எதற்கு உனக்கு என்றான்.
முதல் இரண்டு எழுத்து போதும்.
வெகுநேரம் சுவரைப் பார்த்தான்.
"சோல்பொன்பூபு" என்றான்.
"காந்த் பக்கம் பீட்ரூட் வயலில் இருந்தாள்.
இடது கையால் எழுதுவாள்."

கட்டத்தில் இடம் இரண்டு எழுத்துக்குத்தான்.
பேனாவை அழுத்தினேன், மை இறுகிக் கிடந்தது.
காகிதத்தில் வெறும் கீறல்.
பேனாவையும் உள்ளே செருகிக்கொண்டேன்,
மிச்சமிருந்த ஒரு குப்பியின் பக்கத்தில்.
கீழே எஞ்சின் சத்தம்.
எந்த வண்டி என்று
இன்னும் தெரியவில்லை.
மை இளகும்வரை மறந்துவிடக் கூடாதென்று
அந்தப் பெயரை முழுதாகச்
சொல்லிக்கொண்டிருந்தேன்.